வெற்றிலை மறைத்த புள்ளிகள்

என் கணவருக்கு ஒரே ஓர் அக்காள். அவரை நான் மதினி என்றுதான் கூப்பிட்டேன். அவர் சிரித்தால், மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு தட்டு மேலே உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அந்த வீட்டின் பூண்டு, உருளை, பீன்ஸ், மாடு, தம்பி எல்லாவற்றையும் அவர்தான் நடத்தினார். நான் கல்யாணமாகி, கோடைக்கானல் பக்கத்து வில்பட்டிக்கு வந்தபோது அவர் நடத்த வேண்டியவற்றில் நானும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டேன்.

நான் பழனி அடிவாரத்துக்காரி. என் அப்பாவுக்கு அங்கே தேங்காய் பழக்கடை. வெயிலிலும் கூட்டத்திலும் வளர்ந்த எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் மலைக்கு வந்த புதிதில் எல்லாமே குளிராகவும் ஆளில்லாததாகவும் தெரிந்தது. அடுப்புக்கு மேல் பரணில் பூண்டு கட்டுக்கட்டாகப் புகையில் காய்ந்துகொண்டிருக்கும். என் சேலை, தலைமுடி, நான் ஊருக்கு எடுத்துப்போகும் பை எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறிவிட்டது. கடைக்குப் போனால் நான் வாசலில் ஏறும் முன்பே என் அப்பா, "மலைக்காரி வந்துட்டா" என்பார்.

வந்த முதல் மாதத்தில் ஒருநாள் மதினியும் நானும் பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். எந்த மாடு எப்போது சினைப்பட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று பூண்டுத் தாளின் மேல் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தது. நான் அலறிவிட்டேன். அவர் குனிந்தபடியே மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஏம்புள்ள கத்துற? மூக்குதான ஒழுகுது. மாடு பயந்துரும்" என்றார். கொஞ்ச நேரத்தில் நின்றது. முந்தானையில் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மாட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். "எனக்கும் வரும். எங்கப்பாவுக்கும் வரும். மலைக்காத்து மூக்கைக் காயப்போட்டுரும்" என்றார். என் உதடும் அந்தக் காற்றில் வெடித்துத்தான் கிடந்தது. நான் நம்பிவிட்டேன்.

மதினிக்கு இன்னொரு அடையாளம் வெற்றிலை. இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. எழுந்ததும் வெற்றிலை, கஞ்சி குடித்ததும் வெற்றிலை, யாராவது வந்தால் வெற்றிலை, அவர்கள் போய்விட்டால் அதற்கும் ஒன்று. உதடும் நாக்கும் எப்போதும் செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்பு அவருக்கு அழகாகவும் இருந்தது. நானும் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சுண்ணாம்பில் வாய் வெந்ததுதான் மிச்சம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்த சமயத்தில் அவருடைய நடை மாறியது. பொதிக்குதிரைகள் வரும் பாதை வரைக்கும் உருளை மூட்டையைத் தூக்கிப்போகிறவர் ஒவ்வொரு தட்டிலும் உட்கார ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், "இந்தத் தட்டுல எனக்குக் கொஞ்சம் சோலி கெடக்கு" என்பார். அடுத்த தட்டிலும் சோலி இருக்கும். மேலே ஏறி வருவதற்குள் மூச்சு இழுத்துக்கொண்டு வரும். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. பானையிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றார். வெற்றிலை வாய்க்கு மேலே முகம் மட்டும் சுரைப் பூ நிறத்தில் வெளிறிக்கொண்டே போனது.

மலையிறங்கிக் கீழ்நாட்டில் ஒரு டாக்டரிடம் போனோம். வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்கிறவர்களுக்கு வயிற்றில் கொக்கிப் பூச்சி இருக்கும் என்று மருந்து கொடுத்தார். அவர் நினைத்ததில் தவறு இல்லை. அந்த நாளில் ரத்தம் குறைந்த பாதிப் பேருக்கு அதுதான் காரணம். அப்புறம் ரத்தம் ஊறுவதற்கு ஈரல் சாற்று ஊசி போட்டார்கள். கொஞ்சம் தெளிந்து மறுபடியும் வெளிறினார். மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே வெள்ளையாக ஒரு குழம்பைக் குடிக்கவைத்து வயிற்றைப் படம் எடுத்தார்கள். திரும்பி வந்த மதினி ஊரெல்லாம் சொன்னது இதுதான்: "மதுரையில வெத்தலையே குடுக்காம வெறுஞ் சுண்ணாம்ப மட்டும் ஒரு சொம்பு குடுத்தாங்க."

படத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் குடல்புண் எங்காவது மறைந்திருக்கும், வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டார். பூண்டு எடுத்த பிறகு வருகிறோம் என்று என் கணவர் தவணை வாங்கி வந்தார். மதினி பயப்படவில்லை. தம்பிதான் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த இடைவெளியில்தான் கோடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பேசும்போது எதிராளி முடிக்கும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பே எங்களுக்குப் புதிதாக இருந்தது.

"வெளிக்குப் போறது என்ன நிறம்மா?" என்று கேட்டார்.

"கருப்பாத்தான் போவும். வெத்தலை போடுறவளுக்கு வேற எப்படிப் போவும்?" என்றார் மதினி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும். சரிவுக்கும் புதருக்கும் போகிற ஊரில் யார் யாருடையதைப் பார்க்கிறார்கள். கறி, பீட்ரூட், முள்ளங்கி மூன்றையும் சில நாள் நிறுத்திவிட்டு, அதில் கொஞ்சம் ஒரு டப்பாவில் கொண்டுவரச் சொன்னார். ரத்தம் கலந்திருக்கிறதா என்று மருந்து விட்டுப் பார்ப்பார்களாம்.

அந்த டப்பாவை எடுத்துப்போன நாளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வரும். மூடி இறுக்கமான ஒரு தகர டப்பாவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காய்கறி லாரியின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மதினி. நான் முந்தின வாரம்தான் பழனிக்குப் போய் வந்திருந்தேன். அது டிரைவருக்கும் தெரியும்.

"என்ன தாயி, பஞ்சாமிர்தமா?" என்று டப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லண்ணே. டாக்டரம்மாவுக்குக் கொண்டுபோறேன்."

"டாக்டரம்மாவுக்கு மட்டுந்தானா. எங்களுக்கெல்லாம் கெடையாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மதினி வெளியே ஓடும் தைல மரங்களைப் பார்த்தபடி, "இது அந்தம்மா ஆசைப்பட்டுக் கேட்டது. ஒனக்கும் வேணும்னா நாளைக்கு வெள்ளனே வா, சூடாத் தாரேன்" என்றார். அந்த டிரைவர் நல்ல மனுஷன். நன்றி என்றார். லாரியை விட்டு இறங்கியதும் சாலை ஓரத்தில் மதினி சிரித்த சிரிப்பில் அவருக்கு மூச்சு முட்டி, நாங்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

சோதனையில் ரத்தம் இருந்தது. "உள்ள எங்கேயோ கசியுது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா. எங்கேன்னுதான் தெரியல" என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மதுரைக்குப் போகும் முன் ஒருதடவை தன்னிடம் வரச் சொன்னார்.

போக வேண்டிய அவசியம் சீக்கிரமே வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பீன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர், சாக்கை உதறலாம் என்று எழுந்தார். எழுந்த வேகத்திலேயே பக்கத்துக் கடை கேரட் குவியல் மேல் சாய்ந்துவிட்டார். காய் ஏற்றும் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியில் கண் திறந்து, "கேரட்டு நசுங்கிருச்சா?" என்று கேட்டார்.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். யார் தருவது? ரத்தம் கொடுத்தால் ஆள் சூம்பிப்போவான் என்று ஊரில் பேச்சு. என் கணவர் கையை நீட்டினார். பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கே ரத்தம் கம்மியா இருக்கு, உங்ககிட்ட எடுக்க முடியாது" என்று டாக்டரம்மா சொன்னார். கணவரின் முகம் வாடிப்போனது. அடுத்து நான். என் ரத்தத்தில் ஒரு துளியையும் மதினியின் ரத்தத்தையும் கலந்து பார்த்தார்கள். சேர்ந்தது.

எனக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும். அன்று வரவில்லை. கண்ணாடி பாட்டிலில் என் ரத்தம் நிறைவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இத்தனை கருஞ்சிவப்பா நம் ரத்தம் என்று பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அதே பாட்டிலை மதினியின் கட்டிலுக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஒரு குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அவருக்குள் இறங்கியது. அந்தக் குடும்பத்துக்கு நான் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். ஆனாலும் அங்கே அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் இந்த வீட்டுக்காரி என்ற நினைப்பு எனக்கு முழுசாக வந்தது.

ஆஸ்பத்திரியில் வெற்றிலைக்குத் தடை. சுருக்குப்பையை நர்ஸ் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மதினிக்கு வந்த நோயைவிட இதுதான் பெரிய துக்கமாக இருந்தது. "சோத்த வேண்ணா நிறுத்துங்க, மறுசொல்லு சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. பல் தேய்த்து வாய் கொப்பளித்து, வாழ்நாளில் முதல்முறையாக வெறும் வாயோடு இருந்தார். இரண்டாவது பாட்டில் ரத்தமும் ஏறியது. அது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர் கொடுத்தது. மதினியின் கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலை நேரம். மூடுபனி விலகி ஜன்னல் வழியாக நல்ல வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா நாடி பார்க்க வந்தார். மதினி அவரிடம் வெற்றிலைக்காக வாதாடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா மதினியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, கொஞ்சம் பேச்ச நிறுத்துங்க. உதட்டக் காட்டுங்க."

மதினியின் கீழுதட்டில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நான் அதுவரை பார்த்ததே இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு நுனியிலும் ஓரத்திலும் அதேபோல. விரல் நுனியில் இரண்டு. டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை எடுத்துவரச் சொல்லி உதட்டின் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். புள்ளி மறைந்தது. தகட்டை எடுத்ததும் திரும்ப வந்து நிறைந்தது. இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. தொலைந்த சாவி கையில் அகப்பட்டவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"உங்க மூக்குல ரத்தம் வருமாம்மா?"

"அது எப்பவும் வரும்."

"எத்தனை வயசுலேருந்து?"

"வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து. எனக்கு மட்டுமா, எங்க அய்யாவுக்கு, தம்பிக்கு, ஆடலூர்ல கட்டிக்குடுத்த எங்க அத்தைக்கு, எல்லாருக்கும் வரும். மலைக்காத்துங்க."

"இத ஏன் எங்கிட்ட இத்தன நாள் சொல்லல?"

"நீங்க வயித்தப் பத்தித்தான கேட்டீங்க. மூக்கு ஒழுகுறதெல்லாம் ஒரு நோவா?"

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கணவரையும் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். அவருக்கு ஓரத்தில் இரண்டு புள்ளி. பிறகு எங்கள் மூவருக்கும் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் ரத்தத்தைக் கொண்டுபோகிற குழாயும் திரும்பக் கொண்டுவருகிற குழாயும் நடுவில் மயிரிழை போன்ற மெல்லிய குழாய் வலையால் சேர்ந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் சிலருக்குச் சில இடங்களில் அந்த வலை இல்லாமல் இரண்டும் நேராகச் சேர்ந்து, சுவர் மெலிந்து, சின்ன முடிச்சாகப் புடைத்திருக்கிறது. மூக்கிலும் உதட்டிலும் இருப்பது போலவே குடலுக்குள்ளும் இருக்கும். சோறும் சக்கையும் உரசிப்போகும்போது அது கசியும். வலிக்காது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

"வாய்க்கா கரை மெலிஞ்ச எடத்துல தண்ணி கசியுற மாதிரியாங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"அதேதான்."

"அப்ப வயித்தத் தெறந்து கரையக் கட்டிர முடியாதா?"

"ஒரு இடம்னா கட்டலாம். இது எத்தன இடம்னு யாருக்குத் தெரியும்? வெட்டி எடுத்தாலும் மிச்சக் குடல்லேருந்து கசியும். மதுரைக்கு நானே தகவல் சொல்றேன். ஆபரேஷன் வேண்டாம். கசியுறத நிறுத்த எங்கிட்ட மருந்து இல்ல. ஆனா போறதவிட அதிகமா நாம ஊத்திக்கிட்டே இருக்கலாம்."

ரத்தம் ஏற்றிய பிறகுதான் புள்ளிகள் நன்றாகத் தெரிந்தன என்றும் சொன்னார். உடம்பில் ரத்தமே இல்லாதபோது அவையும் வெளிறிக் கிடந்திருக்கின்றன. மிச்சத்தை வெற்றிலைச் சாயம் மூடிவிட்டது. கறுத்துப் போன மலத்துக்கும் வெற்றிலைதான் காரணம் என்று மதினியே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"என் வெத்தலை மேல எல்லாப் பழியையும் போட்டாச்சு" என்றார் மதினி. ஆனால் அவருக்கும் மனசு லேசாகிவிட்டது தெரிந்தது. என் கணவர் அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு மதினி செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணமானது. தினமும் இரும்புச் சத்து மாத்திரை; அதை என் கணவருக்கும் எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. அது சாப்பிட்டாலே மலம் கறுக்கும் என்பதால் நிறத்தைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, நிறத்தை நம்பி இருக்கவும் கூடாது. மாதம் ஒருமுறை வந்து ரத்தத்தின் அளவு பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால் தவணை பார்க்காமல் வர வேண்டும். தலைவலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கிப் போடும் வெள்ளை மாத்திரை கூடவே கூடாது, அது கசிவைக் கூட்டும். மூக்கு காயாமல் இரண்டு வேளையும் நல்லெண்ணெய் தடவ வேண்டும். ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்காமல் முன்னால் குனிந்து மூக்கைப் பிடிக்க வேண்டும். "அத நான் பொறந்ததுலேருந்தே செய்யுறேன்" என்றார் மதினி. ஆமாம், அதில் மட்டும் நீங்கள் தேர்ச்சி என்று டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்தது யாருக்கும் சொல்லாத காரியம். என் மகளையும் மகனையும் பின்கட்டு வெளிச்சத்தில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னேன். அவர்கள் விளையாட்டு என்று நினைத்து என்னைப் பார்த்துப் பழித்துக் காட்டினார்கள். புள்ளி எதுவும் இல்லை. ஆனால் மகளுக்கு அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை மூக்கில் ரத்தம் வந்திருந்தது. நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மதினி பின்னாலேயே வந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன் மதினி. நாக்குல ஒண்ணுமில்ல. ஆனா மூக்கு..."

"வந்தா வரட்டும். எனக்கு என்னன்னு தெரியாமலே இத்தன வருசம் மூட்டை தூக்கினேன். அவளுக்கு என்னன்னு தெரிஞ்சே வளரப்போறா. ஒனக்கு எதுக்கு அழுகை? எந்திரிச்சு உலைய வையி."

எழுந்து உலை வைத்தேன். அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். புள்ளிகள் வயதோடுதான் வரும், பாதிப் பிள்ளைகளுக்கு வராமலும் போகலாம், வந்தாலும் பலருக்கு மூக்கோடு நின்றுவிடும் என்றார். வருடம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும். பின்னாளில் மகளுக்கு வந்தது. மகனுக்கு வரவில்லை. மகள் மூன்று பிள்ளை பெற்று, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக விசில் ஊதிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு இன்னொரு ஆசை இருந்தது. "உங்க சொந்தக்காரங்க எல்லாரையும் ஒரு தடவ பாக்கணும். இதே மாதிரி ரத்தம் கொறஞ்சு, ஏன்னு தெரியாம இன்னும் யாராவது கஷ்டப்படுவாங்க" என்றார்.

"இழுத்துட்டு வந்தாலும் அவங்க ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாங்க" என்றார் மதினி. "நீங்க எங்க குலசாமி கும்புடுக்கு வாங்க. கறிச்சோறுன்னா அம்புட்டுப் பேரும் வெரசா வந்து நிப்பாங்க. ஒரே நாள்ல பாத்துரலாம்."

சொன்னபடியே டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஜீப்பில் ஒரு நர்ஸோடு வந்து இறங்கினார். தோட்டத்துக்கு மேலே, பேரிக்காய் மரங்களுக்கு நடுவில் எங்கள் சாமி. பொங்கல் பொங்கி, கிடா வெட்டி, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மதினி பந்தி வாசலில் நின்றுகொண்டார். நாக்கைக் காட்டாதவர்களுக்கு இலை கிடையாது என்று அறிவித்தார்.

அப்படி ஒரு வரிசையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மீசை முறுக்கிய பெரிய மனுஷர்கள் தோளில் துண்டோடு வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார்கள். பெண்கள் முந்தானையால் பாதி மறைத்துக்கொண்டு நீட்டினார்கள். எல்லோரும் முதலில் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதால் தண்ணீர்க் குடத்தடியில் ஒரே சிவப்புச் சேறு. சின்னப் பிள்ளைகள் தங்கள் முறை வரும்வரை பொறுக்காமல் வரிசை முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டே நின்றார்கள். ஆடலூரிலிருந்து மிளகு மூட்டையோடு வந்த அத்தைக்கு உதட்டில் வரிசையாகப் புள்ளிகள். "இத மச்சம்னுல்ல நெனச்சேன். அதிர்ஷ்டம்னு சொன்னாங்களே" என்றார் அவர்.

கடைசியில் வெள்ளகவிக்காரர் ஒருவர் மட்டும் ஓரமாக நின்றார். வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி, அந்த ஊர் வழக்கப்படி காலில் செருப்பில்லாமல், தலையில் ஒரு கூடை ஆரஞ்சோடு ஒவ்வொரு வருடமும் வருவார். என் மாமனாரின் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். கோபித்துக்கொண்டு வெள்ளகவிக்கு இறங்கிப்போன அவருடைய வம்சம் தாங்கள் என்பது வெள்ளகவிக்காரர்கள் பேச்சு. அவர் கல்யாணமே செய்யாமல் செத்தார், இவர்கள் யாரோ என்பது வில்பட்டிக்காரர்கள் பேச்சு. அதனால் பங்காளிகள் எல்லோரும் விபூதி வாங்கிய பிறகுதான் அவருக்குக் கிடைக்கும். அவரும் கோபப்படாமல் வாங்கிக்கொண்டு போவார்.

"நீங்களும் வாங்கய்யா" என்றார் டாக்டரம்மா.

"நான் இவங்க ஆளு இல்லன்னு சொல்லுவாங்கம்மா."

"நாக்கு இருக்குல்ல. வாங்க."

வந்து நீட்டினார். டாக்டரம்மா கண்ணாடித் தகட்டை எடுத்தார். அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார். என் கணவரின் சித்தப்பா, அந்தக் கூட்டத்திலேயே வயதில் மூத்தவர், குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"மூக்குல ரத்தம் வருமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வரும்மா. எங்கப்பாருக்கும் வரும். இப்ப ரெண்டு வருசமா மேட்டுல ஏற முடியல. இன்னைக்குக்கூட விடியறதுக்குள்ள கெளம்பி, உக்காந்து உக்காந்துதான் வந்தேன்."

மதினிதான் ஆரம்பித்தார். "சித்தப்பா, இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன சாட்சி வேணும்? சாமியே நாக்குல எழுதி அனுப்பியிருக்கு."

டாக்டரம்மா பதறிப்போய், "நான் ரத்தத்தப் பத்தி மட்டுந்தான் சொல்றேன். பங்கு, பாத்தியதை பத்தி எனக்கு எதுவும் தெரியாது" என்றார்.

"ரத்தத்தப் பத்திச் சொன்னாப் போதும்மா" என்றார் சித்தப்பா. கரண்டியை யாரிடமோ கொடுத்துவிட்டு, வெள்ளகவிக்காரரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் முதல் பந்தியில் உட்காரவைத்தார். அவருடைய இலையில் கறி குவிந்ததைப் பார்த்து அந்த மனுஷர் இலையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சாப்பிட்டார். அவர் கொண்டுவந்த ஆரஞ்சை டாக்டரம்மாவின் ஜீப்பில் மதினி பாதிக் கூடை ஏற்றிவிட்டார். அடுத்த வாரமே அவரும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். மறு வருடம் கூடைக்கு மேல் ஒரு பலாப்பழமும் சேர்த்துத் தூக்கி வந்தார்.

மதினி நோயிலிருந்து முழுசாக விடுபட்டார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசிவு கூடும். ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தம் ஏற்றிக்கொள்வார். நான் பலமுறை கொடுத்தேன். பழனி ரத்தம் ஏறிய பிறகு தனக்கு இனிப்பு மேல் ஆசை அதிகமாகிவிட்டது என்று சொல்லி, நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பஞ்சாமிர்தம் கேட்டு வாங்கினார். வெற்றிலையைப் பாதியாகக் குறைத்தார். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும் நாளில் மட்டும் போடவே மாட்டார். டாக்டரம்மா புள்ளிகளைப் பார்க்க வேண்டும் அல்லவா. எங்கள் மகள் கல்யாணத்தில் முறுக்கு சுட்டதும், மூட்டை தூக்கும் ஆட்களைக் கேலி செய்ததும், அறுபது வயதுக்கு மேலும் பூண்டுப் பாத்தியில் என்னோடு களை எடுத்ததும் அவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள் கழித்து நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தின் அளவு நன்றாக ஏறிவிட்டது என்று டாக்டரம்மா முதல்முறையாகச் சொன்ன நாள். ஏரிக்கரை வழியாகத் திரும்பி நடந்தோம். ஒரு மேட்டில்கூட அவர் நிற்கவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஏரியைப் பார்த்ததும் நின்றார்.

"வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இது வழியா காய் கொண்டுட்டுப் போறேன். ஒருநாளாச்சும் இதுல ஏறியிருக்கேனா? வா புள்ள."

படகுக்காரர் துடுப்புப் போட வந்தார். மதினி அவரை இறங்கச் சொல்லிவிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மண்வெட்டி பிடிக்கிற கைகளால் இரண்டு துடுப்பையும் பிடித்து இழுத்தார். வலது கை பலம் அதிகம் என்பதால் படகு ஒரே இடத்தில் வட்டம் சுற்றியது. நான் இரண்டு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டேன். வேறொரு படகில் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் எங்களைப் பார்த்துக் கையசைத்தது. மதினியும் ஒரு துடுப்பை விட்டுவிட்டுக் கையசைத்தார். துடுப்பு தண்ணீரில் போய்விட்டது. படகுக்காரர் இன்னொரு படகில் வந்து அதையும் எங்களையும் சேர்த்து இழுத்துப்போனார்.

கரையில் இறங்கியதும் அடுத்த வாரம் தம்பியையும் கூட்டிவர வேண்டும் என்றார். கூட்டிப்போனோம். படகு சுற்றிய சுற்றில் அவருக்குத் தலை சுற்றியது.